ஏழாம் நம்பர் பஸ்ஸின் தளபதிக்கு

நேற்று முதுகுப் பிடிப்புக்கு மெடிக்கலில் ஒரு ஸ்ப்ரே வாங்கினேன். வீட்டுக்கு வந்து பனியனைத் தூக்கிக்கொண்டு, கை எட்டின வரைக்கும் அடித்துப் பார்த்தேன். மூக்கைக் குத்துகிற அந்தக் குளிர்ந்த வாசனை வந்ததும் முதுகு மறந்துவிட்டது. உன் வலது கை ஞாபகத்துக்கு வந்தது. "இன்னா, அப்டியே நின்னுட்டீங்க?" என்றாள் என் மனைவி. மருந்து காயட்டும் என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. உன்னிடம் சொல்லத்தான் ஒன்று பாக்கி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது மச்சான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவை ஓரம் கட்டினாயாம். ஏறியிருந்த ஆறு பேரையும் "வேற வண்டி புடிச்சிக்கோங்க" என்று இறக்கிவிட்ட பிறகுதான் சாய்ந்தாயாம். கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நீ அப்படிப்பட்ட ஆள்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற நம் கம்பெனியில் கிரிக்கெட் டீம் என்பது டிபார்ட்மெண்ட் வாரியாகக் கிடையாது, பஸ் வாரியாகத்தான். எந்த கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாயோ அதுதான் உன் அணி. ஏழாம் நம்பர் சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பும். நான்காம் நம்பர் சுங்குவார்சத்திரத்திலிருந்து வரும். வாரம் ஆறு நாள் கேன்டீனில் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறவர்கள், டோர்னமெண்ட் வந்துவிட்டால் எதிரி நாட்டுக்காரர்கள். நம் வாட்ஸப் குரூப்புக்குப் பெயர் 'ஏழாம் படை'. கூட்ரோட்டில் கட்டிய ஃப்ளெக்ஸில் நம் பதினோரு பேர் முகத்தையும் கவசம் போட்ட உடம்புகளில் ஒட்டி, பின்னால் தீயை வேறு எரியவிட்டிருந்தார்கள். உன் தலை கழுத்தில் சரியாக உட்காரவில்லை. "யார் ஒடம்புடா இது? எனக்குத் தொப்ப கீது, இவனுக்கு இல்லியே" என்று அதன் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய்.

வர்ணனை மைக் என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் பரிசாக வாங்கிய சோப்பு டப்பாக்கள் இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அந்தத் தமிழை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் இருந்தவனுக்கு, சிப்காட்டில் நாம் மேட்ச் ஆடுகிற அந்தக் காலி மனை கிடைத்தது. பவுண்டரி போனால் என் வாயில் பீரங்கி முழங்கும். விக்கெட் விழுந்தால் கோட்டை சரியும். தண்ணீர் குடிக்கிற இடைவேளையைக்கூடப் போர் நிறுத்தம் என்றுதான் அறிவிப்பேன். காலை மீட்டிங்கில் நம் மேனேஜரும் "இந்த மாசம் நமக்கு யுத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சொன்னால் கொட்டாவி வரும்; நான் சொன்னால் விசில் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஃபைனல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை உனக்குப் பர்மனென்ட் டெஸ்ட். நான் குவாலிட்டியில் பர்மனென்ட். நீ அசெம்பிளி லைனில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட். அந்த வருஷம்தான் முதல் தடவையாக உன் பெயர் லிஸ்டில் வந்திருந்தது. டெஸ்ட் என்றால் படிப்பு ஒன்றும் கிடையாது, கைதான். ஓட்டை போட்ட தகடு ஒன்று, தட்டு நிறைய போல்ட், ரெண்டு நிமிஷம். முப்பது போல்ட்டை விரலால் திருகி நிறுத்த வேண்டும். நீ வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் போல்ட்டைக் கொட்டிவைத்து, நாற்பது வரைக்கும் பழகியிருந்தாய். உன் வீட்டுக்காரி ஃபோனில் நேரம் பார்த்துச் சொல்வாள் என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாய்.

நமக்கு கார்க் பந்து. ரெண்டு பேட்ஸ்மேனுக்கும் சேர்த்து ஒரே ஜோடி கிளவுஸ். இடது கைக்கானது உன்னிடம், வலது கைக்கானது எதிர்முனையில் நிற்கிறவனிடம். கடைசிக்கு முந்தின ஓவரில் ஒரு பந்து எகிறி, பேட்டின் பிடியோடு சேர்த்து உன் ஆள்காட்டி விரலை நசுக்கியது. நீ அப்படியே குந்தினாய். யாரோ ஓடிப்போய் ஸ்ப்ரே அடித்தார்கள். காற்று என் பக்கம் வீசியதால் வாசனை என் மேசை வரைக்கும் வந்தது. நீ எழுந்தாய். பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்தபடி, பந்தலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாய். பாதித் தூரம் வந்தும் விட்டாய்.

அப்போதுதான் நான் மைக்கில் சொன்னேன்: "களம் புகுந்த வீரன் காயத்தைப் பார்த்துத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. இதோ நிற்கிறான் ஏழாம் நம்பர் பஸ்ஸின் தளபதி. புறமுதுகு காட்டுவானா? காட்டுவானா?"

கூட்டம் "மாட்டான்" என்று கத்தியது. நீ நின்றாய், கையைப் பார்த்தாய், திரும்பிப் போனாய்.

ரெண்டு ஃபோர் அடித்தாய். ஜெயித்தோம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது வலது கையை மட்டும் தலைக்கு மேலே, யார் கையும் படாத உயரத்தில் வைத்திருந்தாய். அதை வெற்றிக்கொடி என்று வர்ணித்தேன். யாரும் இடித்துவிடக் கூடாது என்று தூக்கி வைத்திருக்கிறாய் என்பது, பக்கத்தில் வந்து உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை அந்த விரல் பூவன் பழம் மாதிரி இருந்தது. புதன்கிழமை டெஸ்டுக்கு மாவுக்கட்டோடு போனாய். இடது கையால் போட்டுப் பார்த்தாயாம். வெளியே வந்து, "ஒம்போது" என்று சொல்லிச் சிரித்தாய். கை சரியானதும் பார்க்கலாம் என்று எச்.ஆரில் சொன்னார்கள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். கை சரியாவதற்குள் உன் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அதைப் புதுப்பிக்கவில்லை. விரல் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. நீ ஷேர் ஆட்டோ எடுத்தாய். உன் ஆட்டோவில் பழைய லைன்காரர்களையே ஏற்றிக்கொண்டு, பழைய கேட்டிலேயே இறக்கிவிட்டு வந்தாய். கேட் வரைக்கும் வருகிறவனை ஏன் உள்ளே விடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் நீ மேட்சுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. விளையாட முடியாது என்று ஆனதும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு ஸ்கோர் எழுத உட்கார்ந்தாய். கோணல் விரலுக்குப் பேனா நன்றாகவே படிந்தது. கொஞ்ச நாளில் நோட்டின் ஓரத்தில் நீ புள்ளி புள்ளியாக வைப்பதைக் கவனித்தேன். என்னடா என்று கேட்டதற்கு, நான் சொல்கிற ஒவ்வொரு போர் வார்த்தைக்கும் ஒரு புள்ளி என்றாய். மேட்ச் முடிந்ததும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டுவாய். "இன்னிக்கி பீரங்கி நாலு, படை ஒம்போது, ரத்தம் ரெண்டு. ஒருத்தனும் சாவல மச்சான். மெய்யாலுமே சாவல, ஸ்கோர்ல எழுத எடமே இல்ல."

சில நாள் இன்னும் சுருக்கமாகச் சொல்வாய்: "நடந்தத சொல்லு. அதுவே நல்லாத்தான் கீது." கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். கிண்டலும்தான்.

ஒரே ஒரு தடவை உன்னிடம் நேராகக் கேட்டேன். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில், ரயில் வர நேரம் இருந்தது, உன் வண்டி நிறையவில்லை. "அன்னிக்கி நான் மைக்ல சொன்னதாலதான் திரும்பிப் போனியா?" என்றேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "நீ இன்னா சொன்ன? எனக்கு ஒண்ணும் கேக்கல. சவுண்டு சர்வீஸ்காரன் ஸ்பீக்கர ரோட்டப் பாத்துல்ல கட்டிக்கினு இருந்தான். கிளவுஸ் மாத்திக்கலாம்னு வந்தேன், அது எதிர்ல நின்னவன் கைல மாட்டிக்கினு கீதுன்னு ஞாபகம் வந்துச்சு, திரும்பிட்டேன். அவ்ளோதான்." அந்த நிம்மதியில் ரெண்டு பஜ்ஜி அதிகமாகத் தின்றேன். அடுத்த வருஷமும் கோட்டைகளைச் சரித்தேன். நீயும் புள்ளி வைத்தாய்.

உன்னை எடுத்த அன்று, ஸ்டேண்டில் உன் கூட வண்டி ஓட்டுகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "களத்துலயே வீரமரணம் சார்" என்று அழுதார். அவர் துக்கத்தில் சொன்னார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் மட்டும் உன் நோட்டை நினைத்துக்கொண்டேன். பொருத்தமில்லாத இடத்தில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

காரியமெல்லாம் முடிந்து ரெண்டு மாதம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். ஸ்கோர் நோட்டுகள் என்னிடம் இருந்தன, உன் கையெழுத்து உன் வீட்டில் இருக்கட்டும் என்று எடுத்துப் போனேன். உன் மகள் தரையில் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று பென்சிலைப் போட்டாள். உன் வீட்டுக்காரி, "அப்பா இன்னா சொல்வாரு, மாமாக்கு சொல்லு" என்றாள். குழந்தை எழுந்து நின்று, குரலை இழுத்து, கையை ஓங்கிச் சொன்னது: "களம் புகுந்த வீரன் காயத்தைப் பார்த்துத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. இதோ நிற்கிறான் ஏழாம் நம்பர் பஸ்ஸின் தளபதி. புறமுதுகு காட்டுவானா? காட்டுவானா?"

ஒரு எழுத்து விடவில்லை. நான் 'காட்டுவானா' என்பதை இரண்டாம் தடவை எப்படி இழுப்பேனோ, அந்த இழுப்பும் அப்படியே இருந்தது.

"எங்கேர்ந்துதான் புடிச்சாரோண்ணா" என்று உன் வீட்டுக்காரி சிரித்தாள். "சோறு துன்னலன்னா இது, ஸ்கூலுக்குப் போவலன்னா இது. ஏழாம் நம்பர் பஸ்ஸுன்னா இவளுக்கு அவ்ளோ சிரிப்பு." எனக்கும் தெரியலம்மா என்றேன். நீ எனக்காக ஒரு பொய் சொன்னாய். நான் உன் வீட்டிலேயே எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. நீ அதைக் கசப்பாக வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளைக்குச் சோறு ஊட்ட வைத்திருந்தாய்.

இப்போதும் மைக் பிடிக்கிறேன். நாலு ரன், ஒரு ரன், அவுட், இன்னும் ஆறு பந்து. நடந்ததை மட்டும். "ரேஷன் கடைல நம்பர் கூப்புடற மாதிரி கீதுண்ணா" என்று கமிட்டிக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். போன மாதம் செமிஃபைனலில் பெயின்ட் ஷாப் சுரேஷுக்கு விரலில் பட்டது. அவன் குந்தினான், எழுந்தான், கையை உதறிவிட்டு மறுபடி பேட்டைப் பிடித்தான். விசில் பறந்தது. கமிட்டி செயலாளர், "ஏத்தி வுடுண்ணா, இப்பதான் ஏத்தி வுடணும்" என்றார். நான் மைக்கில், "சுரேஷ், வெளிய வாப்பா. காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கீது" என்றேன். கூட்டம் ஊளையிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். தோற்றோம்.

எலும்பு உடையவில்லையாம், வீக்கம்தானாம். ஆடியிருக்கலாம் என்று பஸ்ஸில் என் காதில் விழும்படி சொன்னான். அவன் கோபம் நியாயம்தான். ஒரு வாரம் எனக்கு யாரும் சீட் போட்டு வைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன்.

எனக்கு அதில் பெருமையும் இல்லை, பெரிய வருத்தமும் இல்லை. மைக்கை வாயருகே கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும் நீ பாதித் தூரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டபடி. அன்றைக்கு அத்தனை பேச்சுப் போட்டித் தமிழும் என்னிடம் இருந்தது. இந்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை:

"வெளிய வா மச்சான். புதன்கெழம டெஸ்ட் கீது."