வெர்னா ஒத்துக்கொள்ள மறுத்த கேள்விகள்

மார்ச் 8, வியாழன்

நூலகர் டீக் இன்றும் வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். மூன்று வாரமாக வகுப்பு நடக்கிறது, மூன்று வாரமும் தட்டிவிட்டார். "இது லைப்ரரி. சத்தம் போடணும்னா பவுலிங் ஆடற எடம் ரெண்டு தெரு தள்ளி இருக்கு" என்றார். தப்பு எங்கள் மேல்தான். அமெரிக்காவின் ஒன்பதாவது ஜனாதிபதி கடுங்குளிரில் மேல்கோட்டு இல்லாமல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பதவியேற்பு உரை ஆற்றியதையும், ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்ததையும் நான் நடித்தே காட்டிவிட்டேன். வெர்னா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

"அவ்ளோ நேரம் பேசுனா கடவுளுக்கே பொறுக்காது. ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன், டெஸ்."

எதற்காகப் படிக்கிறோம் என்பது எனக்கே மறந்துபோகிறது. எழுதி வைக்கிறேன். வெர்னா புடாக், ஐம்பத்தொரு வயது. எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறார். பதினாறு வயதில் படிப்பை விட்டவர். பள்ளிச் சமையல்கூட மேலாளர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த வேலையில் பாதியை இப்போதே வெர்னாதான் பார்க்கிறார், ஆனாலும் பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. கடைசி நாள் மே 31. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் சமநிலைத் தேர்வில் கணக்கு, அறிவியல், மொழி மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிட்டார். சமூக அறிவியலில் மட்டும் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறையும் போனால் மறுபடி எழுத அறுபது நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மார்ச் 15

அமெரிக்கச் சுதந்திரப் போர் பாடம் முடிந்தது. வெர்னா சீஸ் மாக்கரோனி கொண்டுவந்தார். டீக்குக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். இன்று கதவு தட்டப்படவில்லை.

ஏப்ரல் 5

காலையில் ஏழாம் வகுப்புக்கு மாற்று ஆசிரியையாகப் போனேன். இருபத்தெட்டுப் பேர். அரசியலமைப்புச் சட்டம் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். கடைசியில் வந்த ஒரே கேள்வி, "நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?"

சாயங்காலம் வெர்னா. அதே சட்டம், அதே நான். மாநிலத்துக்கு மாநிலம் மக்கள்தொகை வித்தியாசப்பட்டாலும் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம்தான் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ பத்துப் புள்ளைங்க இருக்கற வகுப்புக்கும் ஒரு தட்டு கேக்கு, முப்பது புள்ளைங்க இருக்கற வகுப்புக்கும் ஒரு தட்டு கேக்கா?" முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். வீட்டுக்கு நடந்து வந்தபோது கால் தரையில் பாவவே இல்லை. ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் இவ்வளவு போதை இருக்கிறது என்று கல்லூரியில் ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

ஏப்ரல் 26

நாற்பத்தைந்து ஜனாதிபதிகளும் வெர்னாவுக்குத் தலைகீழ்ப் பாடம். கேரட் நறுக்கும்போது வரிசையாகச் சொல்கிறாராம். கூட வேலை பார்ப்பவர்கள் பந்தயம் கட்டி நடுவில் ஒரு எண்ணைச் சொன்னால் டக்கென்று பெயர் வருகிறதாம். பெருமையில் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. நான் பிறவி ஆசிரியை.

மே 3, வியாழன்

பிறவி முட்டாள்.

தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்ப்போம் என்று இன்றுதான் இணையத்திலிருந்து வினாத்தாளை இறக்கினேன். இன்றுதான். அதில் ஒரு ஜனாதிபதிகூட இல்லை. எந்த வருடம், யார், எத்தனையாவது — ஒன்றும் கிடையாது. ஒரு பழைய கட்டுரையோ படமோ வரைபடமோ கொடுத்து, படித்துப் பார்த்துப் பதில் சொல் என்கிறது. அவ்வளவுதான். தேர்ச்சிக்கு 145 வேண்டும். வெர்னா வாங்கியது 138.

அடிப்பாவி டெஸ். பத்து வாரம் கத கதயா அளந்தியே, ஒரு தடவ அந்தத் தாளத் தொறந்து பாத்தியா? அவங்க வேலையில நீ வெளையாடிட்ட. மேல்கோட்டு இல்லாம பேசிச் செத்தவரப் பத்தி யாரு கேட்டா?

வெர்னா திட்டவில்லை. தாளைப் பார்த்து, "போன ரெண்டு தடவையும் இதேதான் வாங்குனேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 4

தூக்கம் வராததால் காலை ஆறு மணிக்கே அவருடைய தப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரைபடக் கேள்விகள் எல்லாம் சரி. அட்டவணை எல்லாம் சரி. நீதிமன்றம், வரி, தேர்தல் எல்லாம் சரி. தப்பானவை எல்லாமே ஒரே மாதிரிக் கேள்விகள்: "கட்டுரையாளரின் கருத்து என்ன?" எதுவும் புரியாமல், மதிய இடைவேளையில் அவருக்குப் போன் போட்டேன்.

"பதினாலாவது கேள்வி, வெர்னா. பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை குடுத்தா குடும்பம் கெட்டுப்போகும்னு அந்த ஆளு எழுதியிருக்கார். அவர் கருத்து என்னன்னு கேட்டா, 'ஓட்டுரிமை குடுக்கணும்'னு குத்தியிருக்கீங்க."

"குடுக்கணும்தானே?"

"குடுக்கணும்தான். ஆனா அவர் அப்படிச் சொல்லலையே."

"அவர் சொன்னது தப்பு. தப்புன்னு தெரிஞ்சும் சரின்னு குத்தச் சொல்றியா?"

"அப்ப இருபதாவது? மில் முதலாளி?"

"அவனா? எட்டு வயசுப் புள்ளைங்கள மில்லுல விட்டா ஒழுக்கம் வருமாம். நான் தெனம் நானூறு புள்ளைங்களுக்குச் சாப்பாடு போடறவ. என் கையால அதுக்கு டிக் போட மாட்டேன், டெஸ். மார்க் போனாப் போகட்டும்."

போனை வைத்துவிட்டுப் பள்ளி வராந்தாவில் சுவரில் சாய்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. இந்த மனுஷிக்குப் பாடம் தெரியாமல் இல்லை. இரண்டு முறையும் செத்துப்போன ஆட்களோடு சண்டை போட்டுத் தோற்றிருக்கிறார்.

மே 10, வியாழன்

முதல் அரை மணி நேரம் வீண். "அவர் சொன்னத நீங்க எடுத்துச் சொல்றீங்க, ஒத்துக்கல" என்று விதவிதமாக விளக்கினேன். "எங்க வீட்டுக்காரர் சொல்றதையே நான் திருப்பிச் சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்புறம் எதற்கோ பேச்சு வந்து, பிள்ளைகளின் சாப்பாடு பற்றிக் குறை சொல்லிக்கொண்டு பெற்றோர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு ஃபாரம் இருக்கு. மொதல்ல அவங்க சொல்றத அவங்க வார்த்தையிலயே எழுதணும். படிச்சுக் காட்டணும். 'இதத்தானே சொன்னீங்க'ன்னு கேட்டுக் கையெழுத்து வாங்கணும். அதுக்கப்புறம்தான் நான் வாயத் தொறப்பேன்."

"அவங்க சொல்றது சுத்தப் பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தா இன்னும் சுத்தமா எழுதிக்குவேன். அப்பத்தானே மாட்டுவாங்க."

நான் மில் முதலாளியின் கட்டுரையை அவர் முன் தள்ளினேன். வெர்னா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"அப்போ இவனும் புகார் குடுக்க வந்தவன்."

"ஆமா."

"ஃபாரம் எழுதறேன். சண்ட அப்புறம்."

பதினோரு கட்டுரைகள் கொடுத்தேன். பதினோரு சரி. ஒவ்வொன்றுக்கும் பதில் குறித்த கையோடு தனித்தாளில் ஒரு பெயர் எழுதிக்கொண்டார். தேர்வு முடிந்த பிறகு யார் யாரோடு சண்டை போட வேண்டும் என்கிற பட்டியலாம். நான் போட்ட சத்தத்துக்கு டீக் வந்து கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் அவரே உட்கார்ந்து ஒரு கட்டுரை கொடுத்துப் பார்த்தார். அதுவும் சரி.

மே 17

மாதிரித் தேர்வில் 152. நூலக வாசலில் இருவரும் ஆடினோம். ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, குதித்தோம்.

மே 22

வெர்னா போன் செய்தார். குரலே சரியில்லை.

"பரீட்சையிலேருந்து பேர வாபஸ் வாங்கிடவா?"

"ஏன்?"

"கிச்சன்ல எல்லாருக்கும் தெரியும். கேக்கு ஆர்டர் பண்ணியிருக்காளுங்க. மூணாவது தடவையும் போச்சுன்னா நான் மறுபடி எழுத மாட்டேன் டெஸ், என்னத் தெரியும் எனக்கு. வேற ஒருத்தி வந்து எனக்கு உருளக்கெழங்கு எப்படி மசிக்கறதுன்னு சொல்லுவா. நான் தலையாட்டணும்."

எனக்கு எப்போதும் வாய் ஓயாது. இன்று கதை அளக்கவில்லை. பயமாக இருந்தது, அதையே சொன்னேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பத்து வாரம் வீணாக்குனது நான்."

"வீணா? அந்தப் பத்து வாரம் இல்லன்னா நாலாவது வாரமே நின்னிருப்பேன்" என்றார். பிறகு, வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் காரோடு வருவாய் என்று கேட்டார்.

மே 24, வியாழன்

எழுபது நிமிடத் தேர்வு. காரில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட்டைத் தின்று முடித்தேன். வெர்னா வெளியே வந்து கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டார்.

"எப்படி?"

"அடிமைகள வச்சிருந்தவன் ஒருத்தன் வந்தான். அடிமைங்களுக்கு அதுதான் நல்லதுன்னு எழுதியிருக்கான். ஆனா ஃபாரம் எழுதிட்டேன்."

மாலை நாலரைக்கு முடிவு வந்தது. 147.

இதை எழுதும்போதும் சிரிக்கிறேன். நூற்று நாற்பத்தேழு. அவர் சமையல்கூடத்திலிருந்து போன் செய்தார். பின்னால் பாத்திரங்களைக் கரண்டியால் அடிக்கிற சத்தம். "ரெண்டு மார்க் மிச்சம் டெஸ், யாருக்காவது வேணுமான்னு கேளு" என்றார். அப்புறம் அழுதார். நானும்தான். விண்ணப்பம் நாளைக்குப் போகிறது.

ஜூன் 12, செவ்வாய்

பள்ளி வாரியக் கூட்டம். வெர்னாவின் மேலாளர் பதவி உட்பட எல்லா நியமனங்களுக்கும் வாரியம் வாக்களிக்க வேண்டும். வெர்னா நல்ல நீலச் சட்டை போட்டு வந்திருந்தார். மடக்கு நாற்காலியில் அவருக்குப் பக்கத்தில் நான். ஐந்து உறுப்பினர்கள், ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். ஆதரவு. ஆதரவு. ஆதரவு. மூன்று வந்ததுமே வெர்னா என் கையை நெரித்து, "பெரும்பான்மை" என்றார். ஐந்தும் ஆதரவு.

போய்விடலாம் என்று எழுந்தேன். அவர் எழவில்லை. அடுத்து உணவு பற்றிய ஒரு அறிக்கையை வெளியிலிருந்து வந்த நிபுணர் வாசித்தார். பிறகு பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். வெர்னா நேராக ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். வேலை கிடைத்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வேண்டாம் வெர்னா, இன்றைக்கு வேண்டாம் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"உங்க அறிக்கை என்ன சொல்லுதுன்னா," என்று அந்த நிபுணரைப் பார்த்து ஆரம்பித்தார், "புள்ளைங்க காய்கறியில பாதிய குப்பையில போடுதுங்க. காரணம், அவங்களுக்குப் புடிக்கல. அதனால காய்கறியக் கொறைக்கணும். இதத்தானே சொன்னீங்க, சரியாச் சொன்னேனா?"

"மிகச் சரி" என்றார் அவர், மகிழ்ச்சியாக.

"அது தப்பு. சாப்பாட்டு நேரம் இருபது நிமிஷம். வரிசையிலயே பதினொண்ணு போயிடுது. மிச்சம் ஒம்பது நிமிஷத்துல ஒரு கொழந்த மொதல்ல எதத் திங்கும்? புடிக்காம இல்ல சார். மெல்ல நேரம் இல்ல."

உறுப்பினர் ஒருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு இதை எழுத்தில், ஆதாரங்களோடு கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று வெர்னா சொல்லும்போது மூன்று நிமிடம் முடிந்த மணி அடித்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தவரின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. என் பக்கம் குனிந்தார்.

"எழுத்துல குடுக்கணுமாமே. வியாழக்கெழம லைப்ரரி எத்தன மணி வரைக்கும்?"