கொடி பறக்கும் பக்கம்

மகளுக்கு,

அப்பா பாதியில் விட்டுப்போன சின்னப் பாய்க்கப்பல் பொம்மையைச் செய்து முடித்துவிட்டேன். அடியில் கடலுக்காக ஊற்றிய ரெசின் பசை கண்ணாடிபோல இறுகி, அலைகள் நன்றாக வந்திருக்கின்றன.

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, கப்பலில் நான் ஒட்டியிருந்த கொடியைப் பார்த்தாய்.

"அம்மா, காத்து பின்னாலயிருந்துதானே பாயைத் தள்ளுது. கொடி எப்பிடிப் பின்னுக்குப் பறக்கும்?"

"எனக்குப் படிப்பிக்க வராதை. கதவு அங்கை இருக்கு" என்றேன்.

நீ கர்க்லாண்ட் நகருக்குப் போய்விட்டாய். மூன்று பனிக்காலம் கழிந்துவிட்டது.

இன்று அந்தக் கொடியைச் சுரண்டியெடுத்து, முன்னுக்குத் திருப்பி ஒட்டினேன். ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

நான் படித்த கன்னியர்மடப் பள்ளியில் பிழை திருத்தினால் சிஸ்டர் பார்த்து ஒப்பமிடுவார். இதைப் பார்க்க இங்கே யாருமில்லை. முந்தைய கடிதங்களைப்போல இதுவும் திறக்கப்படாமலே திரும்பி வரும்.

என்றாலும் உறையில் தபால் முத்திரையை நேராக ஒட்டுகிறேன்.

அம்மா