டொக்டர் ஐயாவின் காரில் குளிர்காற்று

2002 ஜூலை 9, செவ்வாய். பதுளை.

அப்புத்தளை டொக்டர் ஐயாவின் பழைய காரில் பல வருடமாகச் செத்துக் கிடந்த ஏசி இன்று வேலை செய்தது. அந்தக் காலத்துக் கேஸ் இப்போது கிடைப்பதில்லை. புதுக் கேஸுக்காகக் கம்ப்ரஸரைக் கழற்றி, ரப்பர் சீல்களையும் குழாய்களையும் மாற்றினேன். சண்டை நின்று வடக்குப் பாதை திறந்துவிட்டதால், யாழ்ப்பாணத்தில் தான் பிறந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மனைவிக்கு மூச்சிழுப்பு. ஜன்னலைத் திறந்துகொண்டு அந்தப் புழுதியில் போக முடியாது.

ஐயா உள்ளே போயிருந்தபோது அந்த அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, இந்த ஏசி சரிவராது எண்டு அவரிட்டச் சொல்லிவிடுங்கோ. அங்க வீடு இல்லை. அத்திவாரம் மட்டும்தான் கிடக்காம். என்ர தம்பி போய்ப் பாத்திட்டு வந்தவன். இவருக்கு நெஞ்சு வருத்தம், அதிர்ச்சி தாங்காது. எப்பிடிச் சொல்லுவன்?"

நான் வாய் திறப்பதற்குள் ஐயா வந்து காரில் ஏறிவிட்டார். காற்று வரும் இடத்தில் முகத்தை வைத்துச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை வெளிக்கிடுவம்" என்றார்.

"ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுத் தர்றேங்க. கேஸ் லீக் இருக்கான்னு பாக்கணும்" என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டேன். லீக் எதுவும் இல்லை.

கேட்டைத் திறந்துவிட்ட அம்மாவிடம், "அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்கம்மா" என்றேன். அவர் கேட்டைச் சாத்தினார்.

வழியெல்லாம் ஏசியைப் போட்டுக்கொண்டே வந்தேன். எங்காவது நின்று தொலையாதா என்று பார்த்தேன். பதுளையில் என் கராஜ் வரைக்கும் கை விறைக்கிற அளவுக்குக் குளிர்ந்தது.