உன் ஃபோர்ஹேண்டும் என் வயிற்றெரிச்சலும்

நேற்று திருச்சியில் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு மாற்றக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் பழைய நரம்பை வெட்டி எடுத்து மேசைமேல் போட்டார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நடுவுல ஒரே எடத்துலதான் தேஞ்சிருக்கு சார். பந்து சரியாப் படுது ஒங்களுக்கு," என்றார். பதினைந்து வருஷம் நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அந்த நரம்புத் துண்டுகளைக் குப்பையில் போட விடாமல் ஒரு பையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சமயபுரம் தாண்டும் வரை சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் உன் மட்டை ஞாபகம் வந்துவிட்டது.

உன்னிடம் காட்ட முடியாதே என்று வருத்தப்பட்டேன் என எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை வேறு. நீ உயிரோடு இருந்திருந்தால் நான் உன்னிடம் காட்டியிருக்க மாட்டேன். உன் கண்ணில் படுகிற மாதிரி எங்கேயாவது வைத்துவிட்டு, எதுவும் தெரியாதவன்போல ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்திருப்பேன். நீயும் அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, சூப்பர்டா," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பாய். அதைக் கேட்டும் எனக்கு எரிந்திருக்கும்.

அரியலூரில் நாம் இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். சிமெண்டு ஆலையின் சோதனைக்கூடத்தில் நான், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அளவை வேலையில் நீ. குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அந்த ஒரே ஒரு டென்னிஸ் கோர்ட்டும் சுரங்கத்துப் பொடியைக் கொட்டி உருளை ஓட்டிச் செய்ததுதான். காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஆட முடியும். தெளித்தாலும் பந்து நாலு தரம் குத்துவதற்குள் மாவில் புரட்டிய உருண்டை மாதிரி வெளுத்துவிடும். நம் மட்டைகளில் கறுப்பு நரம்பு. பந்து எங்கே பட்டதோ அங்கே வெள்ளையாகத் தடம் விழும். வேறு ஊர்க் கோர்ட்டில் ஆடுகிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவன் பந்தை எங்கே வாங்கினான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். நம் கோர்ட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அதனால்தான் நம்மிடம் அந்த வழக்கம் வந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லாருடைய மட்டையையும் சிமெண்டு பெஞ்சில் வரிசையாக வைத்து முகம் பார்ப்பது. எவனுடைய நரம்பில் வெள்ளை அதிகமாகச் சிதறியிருக்கிறதோ, அவன் மறுநாள் ஐந்தரை மணிக்கே வந்து கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உன் மட்டையில் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், உள்ளங்கை அகலம்கூட இருக்காது. என் மட்டை வெள்ளையடித்த சுவர்போல இருக்கும். மேலே, கீழே, சட்டத்தின் ஓரத்தில்கூட. பாதி வருஷம் அந்தக் கோர்ட்டுக்குத் தண்ணீர் காட்டியவன் நான்தான். ஒருநாள் யாரும் பார்க்காதபோது ஓரத்துத் தடங்களைக் கைக்குட்டையால் துடைத்தேன். நீ பார்த்துவிட்டாய். வாயைத் திறக்கவில்லை. நீ திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிற பொறாமை இல்லை. சாப்பாட்டு வேளையில் நினைப்பு வந்தால் சோறு இறங்காத பொறாமை. நானும் ஓடினேன், நீயும் ஓடினாய். எனக்கு உன்னைவிடக் காலில் வேகம் அதிகம். சர்வீஸ் என்னுடையதுதான் பலம். ஆனால் வலப்பக்கம் பந்து வந்துவிட்டால், நான் அடிக்கிற பத்தில் நாலு வேலிக்குப் போகும், இரண்டு வலையில் விழும். நீ பத்தையும் திருப்பி அனுப்புவாய். பலமாகக்கூட அடிக்க மாட்டாய். இடுப்பு உயரத்தில், உடம்புக்கு ஒரு முழம் முன்னால், பந்தை எடுத்து வைப்பதுபோல ஒரு அடி, அதுதான் உன் ஃபோர்ஹேண்ட். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அடிக்கு ஒரு சத்தம், உனக்கு எப்போதும் ஒரே சத்தம்.

எல்லாம் மட்டையின் மகிமை என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னுடையதைப் போலவே ஒன்று தேடி வாங்கினேன். அப்புறம் நரம்பின் இறுக்கம், அப்புறம் பிடியில் சுற்றுகிற துணி. கடைசியில் உன் மாதிரியே ஷூ. நீ சிரித்தபடி, "அடுத்து எம் பனியனக் கேப்பபோல," என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அன்றைக்கு முழுக்கச் சோதனைக்கூடத்துப் பையன்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

கிளப்பின் வருஷப் போட்டியில் ஒற்றையர் இறுதி ஆட்டம் எப்போதும் நமக்குள்தான். ஆறு வருஷம் தொடர்ந்து நீ முதல், நான் இரண்டு. ஏழாவது வருஷம் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நடக்கிறவனிடம் போய், எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டால் அவனுக்குக் கால் பின்னிக்கொள்ளும் இல்லையா, அதை மனதில் வைத்துத்தான் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து வைத்திருந்த கேள்வி.

"மாப்ள, பந்து பேட்டுல படுற நேரத்துல நீ எதைப் பாக்குற? பந்தையா, பேட்டையா, எதிராளியையா?"

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "தெரியலையேடா," என்றாய். "இத்தன வருசமா அடிக்கிறேன், யோசிச்சதே இல்ல. இரு, பாத்துட்டுச் சொல்றேன்."

நீ பார்க்க ஆரம்பித்தாய். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே வேலை செய்தது. மறுநாளே உன் பந்து இரண்டு வேலிக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் உன் அடியில் சட்டத்தில் படுகிற கட்டைச் சத்தம் கேட்டது. பெஞ்சில் முகம் பார்த்தபோது உன் மட்டையில் வெள்ளை வட்டம் உடைந்து கிடந்தது. "என்னண்ணே, கண்ணுல பொறையா?" என்று கேலி செய்தார்கள். நீ தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குத் தெளித்ததை நான் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு நாலு இட்லி கூடச் சாப்பிட்டேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

ஆனால் நீ ஒவ்வொரு நாளும் வந்து என்னிடம் கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்வாய். "வர்ற வரைக்கும் பந்தைத்தாண்டா பாக்கறேன். பட்ட ஒடனே மறைஞ்சிருது. அப்பறம் எங்க பாக்கறேன்னுதான் புடிபடல. நாளைக்குப் பாக்கறேன்." நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடுடா, சும்மா கேட்டேன் என்று. போட்டி முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

இறுதி ஆட்டத்தில் ஆறு-நாலு, ஆறு-மூன்று என்று உன்னைத் தோற்கடித்தேன். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். என் மனைவி அதில் இன்றும் சப்பாத்தி வைக்கிறாள். நீ வலைக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கியபோது உன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. உன் கவனம் வேறெங்கோ இருந்தது.

எங்கே இருந்தது என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு பழைய பந்தோடு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாய். மாதா கோவிலுக்குப் போகிற வழியில் நின்ற உன் மனைவி வெயிலில் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டேன்டா," என்றாய். "நேத்து ரெண்டாவது செட்டுல தெரிஞ்சிச்சு. பந்து பட்டுப் போனதுக்கு அப்பறமும் நான் அது பட்ட எடத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க போவுதுன்னு பாக்குறதில்ல. நீ படுறதுக்கு முன்னாடியே எங்க போவப் போவுதுன்னு வேடிக்க பாக்கத் தலையத் தூக்கிடுற. தலை தூக்குனா தோளு தூக்கும், தோளு தூக்குனா பேட்டு தூக்கும். அதான் ஒனக்கு வேலிக்குப் போவுது."

மூன்று வாரம், ஒரு பரிசு, ஊர்க் கேலி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து நீ எனக்காக ஒரு பதிலைத் தேடியிருக்கிறாய். கேட்டவன் எதற்காகக் கேட்டான் என்ற சந்தேகமே உனக்கு வரவில்லை.

அதோடும் விடவில்லை. அடுத்த மூன்று மாதம் வேலை முடிந்து வந்து, ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக என் முன்னால் கையால் போட்டாய். பந்து நரம்பில் படுகிற நொடியில் வாய்விட்டு "இங்க" என்று சொல்லச் சொன்னாய். முதல் வாரம் நான் "இங்க" என்று சொல்லும்போது பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. "ஒன் வாயி லேட்டா வருது. கண்ணும் லேட்டு. பந்த ஒடம்புக்கிட்ட வர விடாத, முன்னாடி போயி வாங்கு," என்றாய். பிடியை நசுக்காதே என்று மணிக்கட்டில் தட்டினாய். ஒரு சாயங்காலம், ஆலையில் சிமெண்டு சேமிக்கிற சைலோவுக்குப் பின்னால் வெயில் இறங்கும் நேரம், என் வாயும் பந்தும் ஒன்றாகச் சேர்ந்தன. கையில் அதிர்வே இல்லை. பந்து கோட்டுக்குள் விழுந்ததாக நீதான் சொன்னாய், நான் பார்க்கவில்லை. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். நீ கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாய்.

நான் திருந்திய கதை என்று நினைத்துவிடாதே. உனக்கு உன் அடி பத்தே நாளில் திரும்பி வந்தது. முன்பு தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்தாய், எனக்கு அது முன்னைவிட மோசம். மறுவருஷம் ஆறு-இரண்டு, ஆறு-இரண்டு. உன்னைக் கெடுக்கப் போய் உன்னை இன்னும் நல்ல ஆட்டக்காரன் ஆக்கிவிட்டேன். இதைவிட ஒரு பொறாமைக்காரனுக்கு என்ன தண்டனை வேண்டும். அதற்கப்புறம் நான் ஜெயித்த வருஷங்களில்கூட, உன் முழங்காலுக்கு முடியவில்லை, அதனால்தான் என்று எனக்கே தெரியும்.

போன ஆவணியில் மாரடைப்பு. வரதராஜன்பேட்டையில், உன் சொந்த ஊரில், உன்னை மண்ணில் வைத்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பெரம்பலூரிலிருந்து நான் வந்தேன். ரிட்டையர் ஆனபின் இங்கே மகன் வீட்டில்தான் இருக்கிறேன். பூசை முடிந்து உன் வீட்டுப் பந்தலில் சாப்பாடு. சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, உன் மனைவி எல்லாருக்கும் கேட்கும்படி என்னைக் காட்டிச் சொன்னாள்.

"இந்த அண்ணன் கேட்ட ஒரு கேள்வியாலதான் அவருக்கு அவரு ஆட்டமே வெளங்குச்சாம். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு. எத்தனையோ பேரு எங்கூட ஆடுனாங்க, எம் மாப்ள ஒருத்தந்தான் அப்புடிக் கேட்டான், அவன் மூளையே மூளன்னு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் பெரியப்பா மகன் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் தலையைக் குனிந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி," என்றேன். அவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழுந்தது. நான் அதைச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது உன் மனைவி வாசல் வரை வந்தாள். தானாகப் பேசுவதுபோலச் சொன்னாள்: "அவருக்கு எல்லாக் கொறையும் உண்டுண்ணே. கோவம் வரும், மறதி வேற. ஆனா அடுத்தவங்களப் பாத்து வவுறு எரியிறது மட்டும் தெரியவே தெரியாது. அந்த ஹாட்பாக்ஸ நீங்க வாங்குன அன்னிக்கு வூட்டுக்கு வந்து, நான் ஜெயிச்சிருந்தாக்கூட இவ்வளவு சந்தோசமா இருந்திருக்க மாட்டேன், அவன் மொகத்தப் பாக்கணுமேன்னாரு."

பஸ் வரும் வரை நான் அந்தச் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் அந்தக் குணத்துக்கும் பொறாமைப்பட்டேன். செத்த மனுஷன்மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்டால், வரும். முன்பு இருந்ததைவிட அதிகமாக வரும். உன் அடிமேல் இருந்ததெல்லாம் சின்ன வயிற்றெரிச்சல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கெட்ட எண்ணத்தில்தான் கேட்டேன், மாப்ள. உன்னிடம் சொல்லிவிட்டேன். உன் மனைவியிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

வாரத்தில் நாலு நாள் இங்கே காலையில் ஆடுகிறேன். வலப்பக்கம் வந்தால் பயமில்லை. வாய்க்குள் "இங்க" என்று சொல்லிக்கொண்டு அடிக்கிறேன், பத்தில் ஒன்பது உள்ளே போகிறது. உன் ஃபோர்ஹேண்ட் எனக்கு வந்துவிட்டது. அடுத்தவன் ஜெயித்ததற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீடு திரும்புகிற உன் மனசு மட்டும் வரவில்லை. அதற்கு உன்னிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால், "இரு, பாத்துட்டுச் சொல்றேன்" என்று போய், மூன்று வாரம் கஷ்டப்பட்டாவது கண்டுபிடித்து வந்து சொல்லியிருப்பாய்.