உங்க வீட்டுக்கு எதுக்கும்மா டிக்கெட்

காஷான்,
ஃபர்வர்தீன் 20

என் உயிரான தங்கை மஹீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் யூர்கனின் ஓய்வூதியக்காரர் சங்கத்தோடு சேர்ந்து ஈரானைச் சுற்றிப் பார்க்க வருகிறீர்கள், அடுத்த மாதம், அர்தீபெஹெஷ்த் பதினேழாம் தேதி உங்கள் பஸ் காஷானில் நிற்கும் என்று படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அம்மா போய் ஒரு வருடம் ஆனபோது வந்தவள் நீ. எட்டு வருடம் ஓடிவிட்டது. தொலைபேசியில் நாம் 'நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்' என்பதைத் தாண்டிப் போவதில்லை. எனக்கு எழுதத்தான் வரும்.

புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் ஊரே பசுமையைத் தேடிக் கிளம்பியபோது நானும், இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட நம் வீட்டுத் தோட்டத்துக்குத்தான் போனேன். பழைய தோட்டக்காரரின் மகன் ஹபீப்தான் இப்போது வாசலில் டிக்கெட் கொடுக்கிறான். பணத்தை நீட்டினேன்.

"உங்க வீட்டுக்கு எதுக்கும்மா டிக்கெட்? சும்மா போங்க."

"அதெல்லாம் முடியாது. எல்லாருக்கும் ஒரு நியாயம்தான். பிடி."

"என்னை வெட்கப்பட வைக்காதீங்கம்மா. உள்ள போங்க."

மூன்றாவது முறை நீட்டியதும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். முதல் தடவையே வாங்கியிருந்தால் இவன் என்ன மனுஷன் என்று நினைத்திருப்பேன். முதல் தடவையே நான் உள்ளே நுழைந்திருந்தால் அவனும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பான். அவன் அப்பா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்.

மாதுளை துளிர்த்திருக்கிறது. அத்தி மரத்தை வெட்டிவிட்டார்கள், வேர் குளத்துச் சுவரை உடைக்கிறதாம். ஐந்து கதவு அறையில், குளத்தைப் பார்த்த ஜன்னலோரம் நான் உட்காரும் இடத்தில், ஒரு பிளாஸ்டர் பொம்பளையை உட்கார வைத்திருக்கிறார்கள். கையில் நூற்கும் கதிர். பக்கத்தில் 'இல்லத்துப் பெண்' என்று பலகை. நான் என்றைக்கு நூற்றேன்? தலையில் இருப்பது மட்டும் நிஜம். வீட்டைக் காலி செய்தபோது கொக்கியிலேயே மறந்துவிட்டு வந்தேனே, பச்சையில் பூப்போட்ட என் முக்காடு, அது.

பஸ் கூட்டத்தோடு வருகிறவர்களுக்கு நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். எனக்காகச் சிரமப்பட வேண்டாம். வீட்டைப் பாருங்கள், தோட்டத்தைப் பாருங்கள், அதுவே எனக்குச் சந்தோஷம். என்னுடையது மூன்றாம் மாடியில் ஒரு கோழிக்கூண்டு, உன் வீட்டுக்காரருக்குத் தலை இடிக்கும். மின்தூக்கியைப் போன வாரம்தான் சரி பண்ணினார்கள். அழைப்பு மணியையும் நான் மாற்றிவிட்டேன், பழையதில் சத்தமே வரவில்லை. பன்னீர் ரோஜா வந்துவிட்டால் கொஞ்சம் வடித்து வைப்பேன். உனக்காக இல்லை, வீட்டுக்கு எப்படியும் வேண்டும்.

உன் நிழலுக்குக்கூட ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உனக்காக உயிரையும் கொடுக்கும் அக்கா,
அக்தஸ்


ஹாம்பர்க்,
மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். காலில் வீக்கம், பெட்டி நிறையப் பிஸ்தா.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பஸ்காரன் காஷானுக்கு இரண்டே மணி நேரம் கொடுத்தான். உங்கள் கடிதம் மட்டும் வந்திருக்காவிட்டால் வீட்டைப் பார்ப்பதா, உங்களைப் பார்ப்பதா என்று நான் தவித்துப் போயிருப்பேன். 'எனக்காகச் சிரமப்பட வேண்டாம்' என்று நீங்களே எழுதியதால் நிம்மதியாக வீட்டைப் பார்த்தேன். உங்களைப் போல் புரிந்துகொள்கிற அக்கா எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

என்ன அழகாக வைத்திருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி எல்லாம் புதிதாக மாற்றி, குளத்தில் நீர் ஊற்று விட்டு, நடைபாதையின் இருபுறமும் ரோஜா. நம் காலத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்ததே, கூரை ஒழுகி, வௌவால் நாற்றத்தோடு. சுற்றிக் காட்டிய பெண் 'இந்த வீட்டை இந்தக் குடும்பமே ஊருக்குக் கொடையாகக் கொடுத்தது' என்று சொன்னாள். அந்த வீட்டுப் பெண் இவள்தான் என்று யூர்கன் என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்களுக்காக வாங்கிவந்த சாக்லேட்டையும் முழங்கால் வலிக்கான களிம்பையும் டிக்கெட் கொடுப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களைத் தெரியும் என்றார். ஒரு படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து கதவு அறையில் யூர்கன் எடுத்தது.

அன்புடன்,
மஹீன்


காஷான்,
கோர்தாத் 8

மஹீனுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

பதினாறாம் தேதியே காராமணியை ஊற வைத்தேன். பதினேழாம் தேதி காலையில் இறைச்சியைச் சேர்த்து அடுப்பில் ஏற்றினேன். சோற்றுக் காந்தலுக்குக் குங்குமப்பூ கரைத்து வைத்தேன், காந்தலுக்காக நீ என்னோடு மல்லுக்கு நிற்பாயே, அதனால் இரண்டு பானை. உன் வீட்டுக்காரரின் கால் தரையில் மடங்காது என்று பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்தேன். புது மணி வேலை செய்கிறதா என்று நானே வெளியே போய் அழுத்திப் பார்த்தேன். சாயங்காலம் அது அடித்தது. ஓடிப்போய்த் திறந்தால் ஹபீப் நிற்கிறான், கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"உங்க தங்கச்சி கொடுக்கச் சொன்னாங்கம்மா."

"அவ எங்க? கீழ நிக்கிறாளா?"

"பஸ் மத்தியானமே போயிடுச்சும்மா." அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இங்க வருவாங்கன்னு நினைச்சுத்தான் நானும் எதுவும் கேக்கல."

"ஆமா, எனக்குத் தெரியும். நான்தான் வர வேணாம்னு சொன்னேன். சாப்பிட்டுப் போ."

உன்னுடைய பங்கை ஹபீப் சாப்பிட்டான். மூன்று முறை மறுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

'எனக்காகச் சிரமப்பட வேண்டாம்' என்று எழுதினேனாம், அதனால் நிம்மதியாம். ஏன்டி, நீ காஷானில்தானே பிறந்தாய்? வீட்டுக்கு வந்தவள் தேநீர் வேண்டாம் என்றால் நம் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாளா? மின்தூக்கியைப் பற்றி, அழைப்பு மணியைப் பற்றி, பன்னீரைப் பற்றி நான் எதற்கு எழுதினேன் என்று நினைத்தாய்? வா என்று வாயைத் திறந்து கெஞ்ச வேண்டுமா நான், என் கூடப் பிறந்தவளிடம்?

இது முதல் தடவையும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் எழுதினாய், 'பழைய வீடுகளைப் பாதுகாக்கும் குழு நம் வீட்டைக் கேட்கிறது, கொடுத்துவிடலாமா, உங்களுக்குச் சம்மதமா' என்று. 'உன் வீடு, உன் இஷ்டம், நான் யார் சொல்ல' என்று பதில் போட்டேன். நம் தெருவில் பந்து விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அது சம்மதம் இல்லை என்று. நீ திரும்பக் கேட்பாய் என்று காத்திருந்தேன். இன்னொரு முறை கேட்டிருந்தால் 'யோசிக்கலாமே' என்றிருப்பேன். மூன்றாவது முறை கேட்டிருந்தால் அழுதிருப்பேன், உனக்கும் விளங்கியிருக்கும். நீ ஒரே ஒரு முறை கேட்டாய். அதற்கப்புறம் உன் கையெழுத்துப் போட்ட பத்திரம்தான் வந்தது. குழுவின் ஆட்கள் என் முன்னால் உட்கார்ந்து என் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டவா முடியும்? நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கூரை ஒழுகினாலும் அது நான் படுத்துத் தூங்கிய கூரை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்தப் பிளாஸ்டர் பொம்பளையின் தோளில் கை போட்டுச் சிரிக்கிறாய். அவள் தலையில் என் முக்காடு. அந்தக் கை என் தோளில் விழ வேண்டிய கை, மஹீன். நான் இரண்டு தெரு தள்ளி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

களிம்பு நன்றாக இருக்கிறது. நன்றி.

அக்கா


ஹாம்பர்க்,
ஜூன் 14

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை யூர்கனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். 'வேண்டாம் என்று அவர்தானே எழுதினார்?' என்று கேட்டார். விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது.

நான் இங்கே வந்து இருபத்தாறு வருடம். இங்கே கேக் வேண்டுமா என்பார்கள், வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். வந்த புதிதில் நான் எத்தனை வீடுகளில் பசியோடு திரும்பியிருக்கிறேன் தெரியுமா? இன்னொரு முறை கேட்பார்கள் என்று காத்திருந்தே பட்டினி கிடந்தேன். அழுது, பழகி, வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். இப்போது திரும்பவும் உங்களுக்காக அதை மறக்கச் சொல்கிறீர்கள். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம்.

சின்ன வயதில் மட்டும் என்ன? 'எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு' என்று தட்டை என் பக்கம் தள்ளுவீர்கள். சாப்பிட்டால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பீர்கள். அந்த வீட்டில் நான் யாருடைய மனதையும் சரியாக ஊகித்ததே இல்லை. நான் ஓடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இருந்த மணியும் மின்தூக்கியும் என் கண்ணில் படாமல் இல்லை. உங்கள் தெருமுனை வரை வந்தேன். வீட்டைப் பற்றிப் பேச்சு வரும் என்று பயம். உங்கள் 'வேண்டாம்' எனக்கு வசதியாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். திட்டுங்கள்.

ஆனால் இதற்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது எழுதினீர்களே, 'பிள்ளை சின்னது, பயணம் கஷ்டம், நீ வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று. நான் வரவில்லை. அதையும் வா என்றுதான் எழுதினீர்களா?

எங்கள் வீட்டின் கீழ்த் தளத்தில் தோட்டத்தைப் பார்த்த அறை ஒன்று சும்மா இருக்கிறது. வந்து எங்களோடு இருங்கள். விசா வேலையை யூர்கன் பார்த்துக்கொள்வார். உங்கள் முறைப்படியே கேட்கிறேன்: வாருங்கள். தயவுசெய்து வாருங்கள். சத்தியமாக, வாருங்கள். மூன்று முறை ஆயிற்று. இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மஹீன்


காஷான்,
தீர் 12

மஹீனுக்கு,

நீ கேட்டபடியே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஆமாம். வா என்றுதான் எழுதினேன். எழுதச் சொன்னது அம்மா. 'பாவம், பிள்ளைக்காரி, அவளை அலைய விடாதே, வர வேணாம்னு எழுது' என்றாள். எழுதி ஒட்டும்வரை பக்கத்தில் இருந்து பார்த்தாள். அன்றிலிருந்து தெருக் கதவு தட்டப்படும்போதெல்லாம் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவாள். 'யாரு, மஹீனா?' என்பாள். பால்காரன் என்பேன். கடைசி வாரம் யார் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள், தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப்போக வேண்டும் என்று இருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

நேற்று நம் வீட்டுக்குப் போனேன். காலை நேரம், கூட்டம் இல்லை. ஹபீப் எழுந்து நின்றான்.

"உங்க வீட்டுக்கு எதுக்கும்மா டிக்கெட்? சும்மா போங்க."

"சரிப்பா" என்று பையை மூடிக்கொண்டு உள்ளே போனேன். காசு வாங்க நீட்டிய கையோடு அப்படியே நின்றான். பாவம், என் டிக்கெட் காசை அவன் பையிலிருந்து போட்டிருப்பான். அவனை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐந்து கதவு அறைக்குப் போய்க் கயிற்றைத் தாண்டினேன். அந்தப் பொம்பளையின் தலையிலிருந்து என் முக்காட்டை அவிழ்த்தேன். உள்ளே மொட்டைத் தலை, மூளை இருக்கிற இடத்தில் காற்றுக்கு ஒரு துளை. அவளை நகர்த்திவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். ரோஜா முடிந்துவிட்டது, தோட்டத்தில் வெறும் இலைதான். சுற்றிக் காட்டுகிற பெண் ஓடி வந்தாள்.

"அம்மா, இங்க உக்காரக் கூடாது."

"உக்காரலாமான்னு நான் உன்னைக் கேக்கலயே."

மேலதிகாரியைக் கூப்பிடப் போனாள். அவர் வருவதற்குள் நானாகவே எழுந்து வந்துவிட்டேன். முக்காடு என் பைக்குள் இருந்தது. இரண்டு தரம் துவைத்தும் பிளாஸ்டர் தூசி போகவில்லை.

ஆக, உங்கள் ஊர் வழக்கம் எனக்கும் வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன், அவ்வளவு ஒன்றும் கஷ்டம் இல்லை. மூன்று முறை என்பது எண்ணிக்கை இல்லை, மஹீன். இரண்டாவது முறை கேட்பதற்குள் எதிரில் இருப்பவள் முகத்தை ஒரு தடவை பார்ப்பதற்காக அது. நீ ஒரே வரியில் மூன்றையும் எழுதி, கடை ரசீதுபோல் கூட்டியும் போட்டுவிட்டாய்.

உன் கீழ்த் தளத்து அறைக்கு நான் வரமாட்டேன். நீ திரும்பக் கேட்பாய் என்று காத்திருக்கவும் மாட்டேன். இதை ஒரு முறைதான் எழுதுகிறேன்.

அக்தஸ்