அது டிஏசி இல்லை, அக்கா

அக்கா,

இன்று மதியம் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை செய்பவர் ஒருவரிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறாராம். “சார், இதுக்குள்ளேயே டிஏசி இருக்கு. இது போதுமா, தனியா ஒண்ணு வாங்கணுமா?” என்று கேட்டு, வாங்க நினைக்கும் பெட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தார். உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி. முன்னால் ஒரு சின்ன நீல விளக்கு. உங்கள் அலமாரியில் இருந்ததே, அதே பெட்டிதான்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வி வந்தால் பக்கம் பக்கமாக எழுதுவேன். இன்று ஒரு வரிதான் எழுதினேன். “முதல்ல ஒரு தடவை காதை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.” அவர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. வண்டலூரிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது.

சேலையூரில் நம் குடியிருப்பில் நீங்கள் இரண்டாம் மாடி, நான் தரைத்தளம். பத்து வருடம் படிக்கட்டில் பார்த்துச் சிரித்ததோடு சரி. உங்கள் வீட்டு அண்ணன் இறந்து, மகன் டேனி வேலைக்காகப் புனே போன பிறகுதான் நீங்கள் ஒருநாள் என் வீட்டு மணியை அடித்தீர்கள். “தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ் லேப்லதானே இருக்கே? எனக்கு நல்லா பாட்டு கேக்கணும். டிவி ஸ்பீக்கர்ல ஆல்ட்டோ பாடறது யாருன்னே தெரிய மாட்டேங்குது” என்றீர்கள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் நீங்கள். சர்ச் கொயரில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடுபவர். ஒரு தடவை போனில் கேட்ட குரலைப் பத்து வருடம் கழித்தும் அடையாளம் சொல்வீர்கள். அப்படிப்பட்ட காதுக்கு ஒரு செட் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளேயே டிஏசி இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினோம். டிஏசி என்றால் என்ன என்று கேட்டீர்கள். “கம்ப்யூட்டர்ல பாட்டெல்லாம் வெறும் நம்பரா இருக்கும்க்கா. அந்த நம்பரைத் திரும்பச் சத்தமாக்கித் தர்ற வேலை அதுக்கு” என்றேன். “அப்போ எங்க எக்ஸ்சேஞ்ச் மாதிரி. நடுவுல உக்காந்து கனெக்ட் பண்ணி விடறது” என்றீர்கள். சரியான விளக்கம் இல்லைதான். ஆனால் நான் திருத்தவில்லை.

ஞாயிறு மாலைகளில் நான் மேலே வருவேன். நீங்கள் டீ போடுவீர்கள். ஏர்ஃபோர்ஸ் விமானம் வீட்டுக்கு மேல் போனால் பாட்டை நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை கையைத் தூக்கியபடி காத்திருப்பீர்கள். நான்கு குரல் பாட்டில் மூன்றாவது குரல் எந்த இடத்தில் அரை மாத்திரை பிந்தியது என்று சொல்வீர்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டாலும் எனக்குப் பிடிபடாது.

நீங்கள் போவதற்கு முந்தைய வருடம், மே மாதக் கடைசியில்தான் முதலில் சொன்னீர்கள். “தம்பி, லெஃப்ட் சைடு பஞ்சு வச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் பாரேன்.”

நான் பார்த்தேன். என் காதுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கேட்டது. இருந்தாலும் ஒயரைக் கழற்றி, இடது ஸ்பீக்கருக்குப் போவதை வலதுக்கும், வலதுக்குப் போவதை இடதுக்கும் மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்றால் மந்தம் வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தேன். அப்போதும், “இல்லப்பா, லெஃப்ட்தான்” என்றீர்கள்.

பெட்டியில் குறை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சோதனை கிடையாது. மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அது. பாகத்தை இடம் மாற்று, கோளாறு கூடவே போகிறதா பார். போகாவிட்டால் கோளாறு அந்தப் பாகத்தில் இல்லை. ஸ்பீக்கருக்கும் ஒயருக்கும் அப்பால் அந்த அறையில் மிச்சம் இருந்தது நீங்கள் மட்டும்தான். நீங்களே கேட்கவும் செய்தீர்கள்.

“என் காதுதானோ? டாக்டர்கிட்ட போய்ட்டு வரவா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது. “உங்க காதா? நல்லா சொன்னீங்க. ஊர்ல இருக்கறவங்க காதெல்லாம் போனப்புறம்தான்க்கா உங்க காது போகும்” என்றேன். பிறகு இடது பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் சத்தம் மோதி வருகிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கனத்த திரைச்சீலை வாங்கி வந்து மாட்டினோம். அதிலும் தீராதபோது, டிஏசி என்றேன். உள்ளே இருக்கும் டிஏசி மின்சார டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரே பெட்டியில் கிடக்கிறது, அதன் இரைச்சல் கலந்துவிடுகிறது, நுணுக்கமான காதுக்குத்தான் அது தெரியும், எனக்கே தெரியவில்லை பாருங்கள், தனியாக ஒன்று வாங்கிவிடலாம் என்றெல்லாம் பேசினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாகவே எனக்கு அந்தத் தனி டிஏசிப் பெட்டி மீது ஆசை. இணையத்தில் அதைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் வாங்க வழியில்லை. உங்கள் வீட்டில் அது பாடக் கேட்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் காது எனக்கு ஒரு சாக்கு ஆகிவிட்டது.

ஜூலையில் பெட்டி வந்தது. மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன். நீங்கள் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டீர்கள். முடிந்ததும், “ஆமாப்பா. இப்போ நல்லா இருக்கு” என்றீர்கள். நான் வெற்றி பெற்றவன் மாதிரி டீயைக் குடித்தேன்.

அதற்கு அடுத்தடுத்த வாரங்களில் உங்கள் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போனது. ஆகஸ்டில் ஸ்பீக்கர்களுக்கு நேராக வலது காதைக் காட்டியபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் அதைக் கவனித்தேன், அக்கா. கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். வெயில் கண்ணில் படுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நல்லா இருக்கு என்று நீங்கள் சொன்னது எனக்காகத்தான் என்று நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியபோது கொயர் மாஸ்டர் நீங்கள் சுதி இறங்குவதாகச் சொன்னாராம். மூன்றாவது பயிற்சியோடு நின்றுவிட்டீர்கள். “வயசாயிடுச்சு, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினீர்கள். ஜனவரிக் கடைசியில் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, என் விரலைப் பிடித்து உங்கள் கழுத்தின் இடது பக்கம் வைத்தீர்கள். தோலுக்கு அடியில் நெல்லிக்காய் போல ஒன்று, அசையாமல் இருந்தது.

குரோம்பேட்டையில் காது மூக்கு டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, “காது அடைப்பு எவ்ளோ நாளா இருக்கும்மா?” என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்க்காமல், “எட்டு மாசம்” என்றீர்கள். மூக்குக்குப் பின்னால், காதுக்குப் போகும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு கட்டி வளர்ந்திருக்கிறது என்றார். பெரியவர்களுக்குக் காரணம் இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் மந்தமானால் முதலில் அங்கேதான் பார்ப்போம் என்றும் சொன்னார். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் நான் மட்டும் திரும்பி உள்ளே போய், “முன்னாடியே வந்திருந்தா?” என்றேன். “அதை யாராலயும் சொல்ல முடியாது சார்” என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் பதில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழு வாரம் கதிர்வீச்சு. டேனி லீவு போட்டு வந்து போனான். அவன் இல்லாத நாட்களில் நான் காரில் கூட்டிப்போனேன். வாய் வறண்டு, இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள். ஒருநாள் பல்லாவரம் பாலத்தடியில் வண்டிகள் அசையாமல் நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான்க்கா. நீங்க டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னப்போ நான்தான் தடுத்தேன்.”

நீங்கள் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தீர்கள். அதை விழுங்கவே நேரம் பிடித்தது.

“தடுக்கலப்பா. டாக்டர்னா எனக்குப் பயம். நீ டிஏசின்னு சொன்னப்போ, அப்பாடான்னு இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்.” கொஞ்சம் கழித்து, “ஒண்ணு. டேனிகிட்ட இதெல்லாம் பேசாதே. அவனுக்குத் தெரிய வேணாம்” என்றீர்கள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு என் மேல் கோபம் வரும் என்பதற்காகச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். என்னைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைத்து மனதுக்குள் நன்றிகூடச் சொல்லிக்கொண்டேன்.

சிகிச்சைக்குப் பின் இடது காது முழுதாகப் போனது. செப்டம்பரில் ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். கடைசி ஞாயிறுகளில் நான் மேலே வந்தால் பாட்டுப் போடச் சொல்ல மாட்டீர்கள். “சும்மா உக்காரு” என்பீர்கள். நவம்பர் மழையில், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளில் போய்விட்டீர்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. நாங்கள் நான்கு பேர் உங்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மொட்டை மாடியில் டேனி தனியாக நின்றிருந்தான். சாப்பிடக் கூப்பிடத்தான் போனேன். அவன் தண்ணீர்த் தொட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே பேசினான்.

“அங்கிள், அம்மா என்கிட்ட சொன்னாங்க. போன வருஷம் ஜூன்லயே. சண்டே போன்ல, காது ஒரு பக்கம் அடைச்ச மாதிரி இருக்குடான்னாங்க. நான் ஏதோ மீட்டிங் அவசரத்துல, வாக்ஸா இருக்கும்மா, எண்ணெய் விடுன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லல போல. என்னை மட்டும்தான் கேட்டிருக்காங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாலத்தடியில் நீங்கள் காப்பாற்ற நினைத்தது என்னை இல்லை. என் தப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அவனுக்குத் தன் தப்பு நினைவுக்கு வந்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். ஆனால் அவனுக்கு அது மறக்கவே இல்லை.

நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். என்னையும் கேட்டாங்கப்பா, நானும் தப்பாத்தான் சொன்னேன் என்று. அதோடு அவன் சுமையில் பாதி, பாதிக்கு மேலேயே, இறங்கியிருக்கும். அவன் இருந்தது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. நான் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவன், ஒயரை மாற்றிச் சோதித்து விடையையும் கையில் வைத்திருந்தவன்.

“விடுப்பா. சாப்பிட வா” என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் படியிறங்கினான். நடுப்படியில் நின்று, “அம்மாவை நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க அங்கிள். தாங்க்ஸ்” என்றான். அதற்கும் தலையை ஆட்டிவிட்டேன்.

பேசாதே என்று நீங்கள் சொன்னதால்தான் பேசவில்லை என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் மாதம் ஒருமுறையாவது கூப்பிடுகிறான். வீட்டைப் பற்றி, மழையைப் பற்றி, கல்லறைக்குக் கல் வைத்ததைப் பற்றிப் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும், போனை வைப்பதற்கு முன்னால், அவன் ஒரு நொடி பேசாமல் இருக்கிறான். அந்த நொடியில் அந்த வாக்கியம் என் வாய்வரை வருகிறது. பிறகு அவனே, “சரி அங்கிள்” என்று வைத்துவிடுகிறான்.