காதனின் கிண்ணமும் பாப்பாவின் தட்டும்

பிப்ரவரி 6

நாய்க்குட்டி வந்து இரண்டாவது நாள். ஸ்பேனியல், எட்டு வாரம். கப்பல் வேலைக்குக் கிளம்புமுன் இவர் வாங்கி விட்டுப்போனது. எனக்கும் பாப்பாவுக்கும் துணைக்காம். நாலு வயசுப் பிள்ளையோடு நான் படுகிற பாடு போதாதென்று. காது தரையைத் தொடுகிறது. பாப்பா "காதன்" என்றாள், அதுவே பெயராகிவிட்டது.

நாளைக்கு நாலு வேளை. குட்டி உணவு முப்பது கிராம், வெந்நீரில் ஊறவைத்து. சமையலறைத் தராசில் நிறுத்தேன். இரண்டு முறை.

பிப்ரவரி 19

காது கிண்ணத்துக்குள் விழுந்து ஊறுகிறது. பாப்பாவின் ஹேர்பேண்டை மாட்டிக் காதைப் பின்னால் தள்ளினேன். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தான். சிரித்தேன். யாரிடம் சொல்ல?

இவர் கூப்பிட்டார். காதன் சாப்பிட்டானா, பாப்பா சாப்பிட்டாளா, நீ சாப்பிட்டியா. ஆச்சு, ஆச்சு என்றேன். என் தட்டு அடுப்பு மேடையில் ஆறிக் கிடந்தது.

ஏப்ரல் 11

மூன்று வேளையாக்கிவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை. ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி உருண்டைவரை பார்க்கிறேன். நாய்க்கு ஆகாத திராட்சை, சாக்லேட், வெங்காயம் எல்லாம் மேல் அலமாரிக்கு ஏறியாச்சு.

ஜூலை 14

காதனை எடை போட்டார்கள். ஏழு மாதத்தில் பதின்மூன்று கிலோ! பத்தரைதான் இருக்கணுமாம். தடவிப் பார்த்தால் விலா எலும்பே தட்டுப்படவில்லை. நாய் டாக்டரம்மா நான் கொண்டுபோன அட்டவணைத் தாள்களைப் புரட்டிவிட்டு, "பரீட்சை பேப்பர் மாதிரி எழுதியிருக்கீங்க. ஆனா வேற யாரோ இவனுக்கு விருந்து வைக்கறாங்க" என்றார்.

வேற யார்? வீட்டில் இருப்பதே நாங்கள் இருவர்.

ஜூலை 15

பாப்பாவின் டவுசர் இடுப்பில் நிற்கவில்லை. இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது — எப்போது இப்படி இளைத்தாள்?

காலையில் கதவோரம் நின்று பார்த்தேன். மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். அவித்த முட்டை அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். பெரிய வாய் அவனுக்கு.

ஏண்டி இப்படிப் பண்றே என்றேன்.

"அவன் சாப்பிடறப்ப நீ பக்கத்துல உக்காந்திருக்க. எனக்குத் தட்டு வச்சுட்டுப் போயிடற. தனியா சாப்பிடப் பிடிக்கலம்மா. அவன்தான் என்கூட சாப்பிடறான்."

அய்யோ. என்னையே கேட்டுக்கொண்டேன்: இத்தன மாசமா தராசுல என்னத்தடி நிறுத்த நீ?

ஜூலை 16

தரையில் மூன்று பேர். நானும் என் தட்டோடு. காதன் பாப்பாவின் தட்டையே பார்த்து முனகினான். பாவம்மா என்றாள். சரி, கேரட் துண்டு ஒன்று. எண்ணி ஒன்று.

ஆகஸ்ட் 2

இனி இரண்டு வேளைதான். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.

டிசம்பர் 22

காதனுக்கு ஒரு வயசு தாண்டிவிட்டது. பெரிய நாய் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பத்து நாளில் முழுக்க மாற்றியாச்சு. பன்னிரண்டரை கிலோ, வளர்ந்த நாய்க்கு இது சரிதானாம். இடுப்பு தெரிகிறது. பாப்பாவுக்கு டவுசர் நிற்கிறது.

இவர் கூப்பிட்டார். அதே மூன்று கேள்விகள். மூன்றாவது வந்தபோது எனக்கு வாய் நிறையச் சோறு.

"இருங்க, சாப்ட்டுட்டிருக்கேன்."